‘இதயம்’ ஏன் ‘குட்டி இதயம்’ ஆனது? ஆதி ஸ்லாவியச் சொல் *ஸிர்திட்ஸெ: வேரும் இலக்கணமும்

நெய்தல்:
வணக்கம். ரஷ்ய மொழி கற்று வருகிறேன். இதயத்துக்கு அவர்கள் எழுதுவது ‘ஸெர்த்ட்ஸெ’. சொல்லும்போது நடுவில் இருக்கும் ‘த்’ காணாமல் போய் ‘ஸெர்ட்ஸெ’ என்றுதான் கேட்கிறது. ஏன் என்று தேடப்போய், வேர்ச்சொல் அகராதியில், ரஷ்யம், போலந்து, செக் போன்ற மொழிகளின் பொதுத் தாயான ஆதி ஸ்லாவியத்தின் *ஸிர்திட்ஸெ என்ற வடிவத்தைக் கண்டேன். அது *ஸிர்தி என்ற சொல்லோடு, ‘சிறியது’ என்று காட்டும் சிறுமை விகுதி சேர்ந்து வந்தது என்று போட்டிருந்தது. அப்படியானால் மொத்த ஸ்லாவிய இனமும் இதயத்தைக் ‘குட்டி இதயம்’ என்றா சொல்லிக்கொண்டிருக்கிறது? பெரியவர் மார்பில் இருப்பதற்கும் அதே சொல்தானா? அந்த ‘த்’ எங்கே போனது, இந்தச் சிறுமை எங்கிருந்து வந்தது, இரண்டுக்கும் விளக்கம் வேண்டும்.

வேர்நோக்கி:
நல்ல கேள்வி. முதலில் அந்த நட்சத்திரக் குறி. ஆதி ஸ்லாவியம் பேசியவர்கள் எழுதி வைக்கவில்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது. ஸ்லாவியம் எழுத்துக்கு வந்தது 9-ஆம் நூற்றாண்டில். 863-இல் மொராவியாவுக்குப் போன கிரேக்கச் சகோதரர்கள் கிரிலும் மெத்தோடியுஸும் வேதாகமப் பகுதிகளை மொழிபெயர்த்தார்கள். அந்த மொழியைத்தான் பழைய திருச்சபை ஸ்லாவியம் என்கிறோம். அதில் கிடைக்கும் வடிவம் மீட்டெடுத்த வடிவத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே இந்தச் சொல்லில் ஊகம் குறைவு.

வேருக்குப் போவோம். ஸ்லாவியம், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பியத்தில் இதயத்துக்கு *கேர்த் என்ற வேர்ச்சொல். தலை மெய் வெறும் ககரம் இல்லை, அண்ணத்தை ஒட்டிய ஒரு ககரம். அது மேற்கே ககரமாகவே நின்றது: லத்தீனில் கோர் (அடி கோர்த்-), கிரேக்கத்தில் கார்தியா. ஜெர்மானியத்தில் ஹகரமானது, ஆங்கில ஹார்ட் அப்படி வந்ததுதான். கிழக்கே உரசொலியானது: லித்துவேனியத்தில் ஷிர்திஸ், லத்வியத்தில் ஸிர்ட்ஸ், ஆர்மீனியத்தில் ஸிர்த், ஸ்லாவியத்தில் *ஸிர்தி. ‘நூறு’ என்ற சொல்லிலும் இதே பிரிவைப் பார்க்கலாம்: லத்தீன் கெந்தும், லித்துவேனிய ஷிம்தஸ், சமஸ்கிருத சதம்.

நடுவில் இருக்கும் ‘இர்’ வந்த வழி: வேரின் உயிர் மறைந்து ரகரமே அசையாக நின்ற வடிவம் ஒன்று உண்டு. லித்துவேனியமும் லத்வியமும் அடங்கிய பால்டிக் கிளையிலும் ஸ்லாவியத்திலும் அந்த ரகரத்துக்கு முன் ஓர் இகரம் முளைத்தது. லித்துவேனிய ஷிர்-, ஸ்லாவிய ஸிர்- இரண்டும் ஒரே அச்சு.

இனி விகுதி. ஆதி ஸ்லாவியத்தின் பழைய நிலையில் அது *-இக. *ஸிர்திக என்று இருந்திருக்க வேண்டும். இகரம் போன்ற முன்னுயிருக்குப் பின்னால் வரும் ககரம் மென்மையாகி ‘ட்ஸ’ ஆனது. இதற்கு மூன்றாம் அண்ணமயமாக்கம் என்று பெயர். போதுவேன் தெ குர்த்தனே என்ற போலந்து மொழியியலாளர் பெயராலும் சொல்வார்கள். மெய் மென்மையானதும் அதைத் தொடர்ந்த உயிர் எகரமானது. ஆக *-இக → *-இட்ஸெ.

ககரம் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் இன்றைய ரஷ்யத்திலேயே இருக்கிறது. ‘மனமார்ந்த’ என்பதற்கு ‘ஸெர்தேச்னிய்’ என்பார்கள். அங்கே ‘ட்ஸ்’ இல்லை, ‘ச்’ இருக்கிறது. ‘ட்ஸ்’ நேராக ‘ச்’ ஆகவில்லை. பழைய ககரம்தான் ஓரிடத்தில் ‘ட்ஸ்’ என்றும், முன்னுயிருக்கு முன்னால் ‘ச்’ என்றும் இரண்டு வழியில் பிரிந்தது.

கீற்று:
அந்த *ஸிர்திட்ஸெவில் வரும் இகரங்கள் நம் இகரம் மாதிரியா? அகராதியில் அவற்றுக்கு ஏதோ தனிக்குறி போட்டிருக்கிறார்களே.

வேர்நோக்கி:
அவை குறுகிய இகரங்கள். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதைச் சொல்வது சுலபம்: குற்றியலிகரம், குற்றியலுகரம் என்று நாம் சொல்வதைப் போல ஸ்லாவியத்தில் ஒரு குறுகிய இகரமும் ஒரு குறுகிய உகரமும் இருந்தன. ‘யேர்’ என்று பெயர். நம்மிடம் ‘நாடு + இல்லை’ சேரும்போது குற்றியலுகரம் விழுந்து ‘நாடில்லை’ ஆகிறது. அவர்களிடம் விழுந்ததற்கு விதி வேறு.

சொல்லின் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். இறுதியில் நிற்கும் யேரும், முழு உயிர் உள்ள அசைக்கு முன்னால் நிற்கும் யேரும் வலுவற்றவை, அவை விழும். வலுவற்ற யேருக்கு முன்னால் நிற்கும் யேர் வலுவானது. அது முழு உயிராகும். செக் மொழியாளர் ஹாவ்லிக் வகுத்த விதி இது. *ஸிர்திட்ஸெவில் இரண்டாவது யேர் எகரத்துக்கு முன்னால் நிற்கிறது. வலுவற்றது. விழுந்துவிட்டது. ‘த்’தும் ‘ட்ஸ்’ஸும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன.

நெய்தல் கேட்ட ‘த்’ மறைவு இந்த மோதலால்தான். ரஷ்யர் எழுத்தில் வைத்துக்கொண்டு வாயில் விட்டார்கள். செர்பியரும் பல்கேரியரும் எழுத்திலும் விட்டுவிட்டார்கள்: ஸ்ர்ட்ஸெ, ஸர்ட்ஸெ. செக்கியர் ‘ஸ்ர்த்ட்ஸெ’ என்று எழுதுகிறார்கள்.

பன்மையில் ஆறாம் வேற்றுமையைப் பாருங்கள்: *ஸிர்திட்ஸி. இறுதி யேர் வலுவற்றது, அதற்கு முந்தியது வலுவானது. அதனால் ரஷ்யத்தில் ‘ஸெர்தேட்ஸ்’. அங்கே தகரம் கணீரென்று கேட்கும், ஏனென்றால் இடையில் உயிர் பிழைத்திருக்கிறது. ஒரே சொல்லின் இரண்டு வேற்றுமைகளில் ஓர் ஒலி இல்லாமலும் இருந்தும் கேட்கும் காரணம் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு குற்றுயிர். எனக்கு இந்தத் துறையில் பிடித்த உதாரணங்களில் ஒன்று இது.

முதல் யேர் கதை வேறு. ரகரத்தோடு ஒட்டி, இரண்டு மெய்களுக்கு நடுவில் நின்றதால் பொது விதிக்குக் கட்டுப்படவில்லை. ரஷ்யத்தில் ‘எர்’ ஆனது. செக், செர்பிய மொழிகளில் ரகரமே அசையாகிவிட்டது.

பாலைவழி:
ஒலி விவரம் சரி. ஆனால் ‘குட்டி’ ஏன் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என் கருத்து இது. இதயம் மட்டும் இல்லை. சூரியன் *ஸுல்னிட்ஸெ, தந்தை *ஒத்திட்ஸி, ஆடு *ஓவிட்ஸா, எல்லாவற்றிலும் இதே விகுதிதான். பட்டியலைப் பாருங்கள்: வெயில், அப்பா, ஆடு, நெஞ்சு. அந்த மக்கள் வாழ்க்கையில் அன்பாகப் பேச வேண்டியவை. அப்பாவின் உருவத்தைப் பார்த்து யாரும் ‘சிறிய அப்பா’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இது செல்லம்.

விளிவேற்றுமையையும் கவனியுங்கள். *ஒத்திசெ! திருச்சபை ஸ்லாவியத்தில் கர்த்தர் கற்பித்த ஜெபம் ‘ஓத்செ நாஷ்’ என்று தொடங்குவது அந்த விளிதான். கூப்பிடும் இடத்தில்தான் செல்லம் பிறக்கும். நம்மிடமும் சாட்சி இருக்கிறது: அம்பிகை. சமஸ்கிருத அம்பாவோடு -இகா சேர்ந்து அம்பிகா, அதிலிருந்து அம்பிகை. தாயை அன்போடும் மதிப்போடும் விளித்த சொல். அந்த -இகாவும் ஸ்லாவிய -இட்ஸாவும் உடன்பிறப்புகள்.

ஊற்றுக்கண்:
விகுதிகள் உறவு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘செல்லம்’ என்பதை நான் ஏற்கவில்லை. குறைந்தபட்சம் *ஸிர்திட்ஸெவுக்கு அது பொருந்தாது.

9-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்களையே கேட்டுப் பார்க்கலாம். யோவான் 13:33-இல் இயேசு சீடர்களை விளிக்கும் கிரேக்கச் சொல் தெக்னியா. ‘பிள்ளை’ என்ற தெக்னோனின் சிறுமை வடிவம். ஸ்லாவியத்தில் அதை எப்படிப் பெயர்த்தார்கள்? ‘சாத்ட்ஸா’. அதாவது சாதோ என்ற பெயரோடு நம் விகுதியேதான், பன்மையில். கிரேக்கத்தில் சிறுமை இருந்தால் இவர்களும் சிறுமை விகுதி போடுகிறார்கள். விகுதி அப்போது உயிரோடு இருந்தது என்று பொருள். அதே கைகள் கிரேக்கக் கார்தியாவைப் பெயர்க்கும்போது போட்ட சொல் *ஸிர்திட்ஸெவின் வாரிசு. கார்தியாவில் சிறுமையும் இல்லை, செல்லமும் இல்லை. ‘இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள்’ என்ற மலைப்பிரசங்க வரி, ‘பிளஜேனி சிஸ்தீ ஸெர்த்ட்ஸெம்’, முழுக்கக் கனமான தொனி கொண்டது. ஆக 9-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே இந்தச் சொல்லில் சிறுமைப் பொருள் செத்துப்போயிருந்தது.

இன்னொரு சாட்சி: நிஜமாகவே ‘குட்டி இதயம்’ என்று சொல்ல ரஷ்யருக்கு மறுபடி ஒரு விகுதி தேவைப்படுகிறது. ஸெர்தேச்கோ. விகுதி மேல் விகுதி. போலந்தியர் ஸெர்துஷ்கோ என்கிறார்கள். பழைய விகுதி கண்ணுக்குத் தெரிந்திருந்தால் இது எதற்கு?

அப்படியானால் அது ஏன் வந்தது? என் பதில்: இலக்கணத் தேவை. பழைய சொல் விகுதி இல்லாத ஓரசை வேர்ப்பெயர். வேற்றுமைக்கு வேற்றுமை உயிர் மாறும். ஸ்லாவியமோ ஒரு கட்டத்தில் எல்லா அசைகளையும் உயிரில் முடியும்படி ஆக்கி, இறுதி மெய்களைக் கழற்றிப் போட்ட மொழி. வேர்ப்பெயர் அப்படியே வந்திருந்தால் எழுவாயில் தகரமும் ரகரமும் உதிர்ந்து வெறும் எலும்பு மிஞ்சியிருக்கும். *-இக விகுதி அந்தச் சொல்லை ஒழுங்கான அஃறிணை வேற்றுமை வாய்பாட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஸ்லாவியர் மட்டும் இதைச் செய்யவில்லை. சுற்றிப் பாருங்கள். ஹோமர் காலக் கிரேக்கத்தில் ‘கேர்’ என்ற வெறும் வடிவம் உண்டு. பிற்பாடு வென்றது கார்தியா. சமஸ்கிருதத்தில் ஹ்ருத் இருந்தும் ஹ்ருதயம் பரவியது, அதிலிருந்து நம் இருதயமும் இதயமும். பழைய ஜெர்மானிய மொழியான கோதியத்தில் ஹேர்தோ, நகர ஈற்று வாய்பாட்டுக்கு மாறியது. லத்தீன் கோர் ஸ்பானியத்துக்குப் போனபோது கொரஸோன் ஆனது. அதில் இருப்பது ‘பெரியது’ என்று காட்டும் பெருமை விகுதி! இதயம் ஸ்லாவியருக்குச் சிறியதாகவும் ஸ்பானியருக்குப் பெரியதாகவும் தோன்றியது என்று யாராவது சொல்வார்களா? குட்டைச் சொல்லுக்கு உடம்பு தேவைப்பட்டது. அவரவர் கையில் கிடைத்த விகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பாலைவழி சொன்ன பட்டியலுக்கும் லத்தீனே பதில். சூரியன் ஸோல், சிறுமை விகுதியோடு பிரெஞ்சில் ஸொலேய். ஆடு ஓவிஸ், சிறுமை விகுதியோடு ஸ்பானியத்தில் ஓவெஹா. காது அவ்ரிஸ், அதே வழியில் பிரெஞ்சு ஓரேய். முழங்காலும் அப்படித்தான், பிரெஞ்சு ழெனூ. முழங்காலைச் செல்லம் கொஞ்சியதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாலைவழி:
முழங்கால் வாதம் வலுவானது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நீங்கள் காட்டியதெல்லாம் 9-ஆம் நூற்றாண்டில் பொருள் இல்லை என்பது. அதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பு? உடம்பு தேவை என்றால் விகுதிகள் எத்தனையோ இருந்தன. லித்துவேனியர் விகுதியே சேர்க்காமல் இகர ஈற்று வாய்பாட்டுக்கு மாற்றி, ஷிர்திஸைப் பெண்பால் ஆக்கி வேலையை முடித்துக்கொண்டார்கள். ஸ்லாவியருக்கு மட்டும் ஏன் இந்த விகுதி? மக்கள் வாயில் அது ஏற்கெனவே அன்புச் சொல்லாகப் புழங்கியதால்தானே கைக்கு முதலில் கிடைத்திருக்கும்?

ஊற்றுக்கண்:
அந்தக் காலத்தில் *-இக என்பதற்குச் சிறுமை மட்டும்தான் பொருளா? சமஸ்கிருதத்தில் அவி என்றாலும் அவிகா என்றாலும் ஆடுதான். *ஓவிட்ஸா அந்த அவிகாவோடு ஒலிக்கு ஒலி பொருந்துகிறது. ‘-க’ பல இடங்களில் பொருளே சேர்க்காமல் சொல்லை நீட்டும் விகுதி. சிறுமைப் பொருள் அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

லித்துவேனியத்தோடு ஒப்பிட்டது நல்லதாயிற்று. லித்துவேனியப் பெயர்ச்சொற்களில் அஃறிணைப் பால் அழிந்துபோனது. ஸ்லாவியத்தில் அது நிலைத்தது. இந்த விகுதிக்கு ஒரு பழக்கம் உண்டு: அடிச்சொல்லின் பாலை மாற்றாது. ஆடு பெண்பால், *ஓவிட்ஸா பெண்பால். தந்தை ஆண்பால், *ஒத்திட்ஸி ஆண்பால். *ஸிர்திட்ஸெ அஃறிணை என்றால் அதன் அடியும் ஒரு காலத்தில் அஃறிணையாக இருந்திருக்க வேண்டும். லத்தீன் கோர் அஃறிணை, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய பழைய ஹிட்டைட் மொழியின் கேர் அஃறிணை. அகராதியில் அடிச்சொல்லாக *ஸிர்தி என்று போட்டிருப்பதைப் பார்த்து அதுவும் ஷிர்திஸ் போலப் பெண்பால் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பால் விஷயத்தில் இந்த விகுதிச் சொல் பால்டிக்கைவிடப் பழமையைக் காக்கிறது. எனக்கு இதுதான் மொத்த விவாதத்திலும் பெரிய செய்தி.

பால்டிக்கிலும் ஒரு தடயம் உண்டு. எல்பிங் சொற்பட்டியலில், அழிந்துபோன பால்டிக் மொழியான பழைய பிரஷ்யத்தின் 802 பதிவுகள் கொண்ட தொகுப்பில், இதயத்துக்கு ‘ஸேய்ர்’ என்று இருக்கிறது. தகரம் உதிர்ந்த பழைய வேர்ப்பெயர் அது.

நெய்தல்:
இருவருக்கும் நன்றி. நிறையத் தெளிந்தது. வேற்றுமை உருபுகளையும் ஒருமுறை சொல்லிவிட முடியுமா? அப்புறம், விகுதி இல்லாத அந்த *ஸிர்த்- எங்கேயாவது உயிரோடு இருக்கிறதா?

வேர்நோக்கி:
வேற்றுமை முதலில். எழுவாய், செயப்படுபொருள், விளி மூன்றும் *ஸிர்திட்ஸெ. அஃறிணைக்கு எப்போதும் இந்த மூன்றும் ஒன்றுதான். ‘இதயத்தின்’ *ஸிர்திட்ஸா, ‘இதயத்துக்கு’ *ஸிர்திட்ஸு, ‘இதயத்தால்’ *ஸிர்திட்ஸெமி (கிழக்கு ஸ்லாவியத்தில் -இமி), ‘இதயத்தில்’ *ஸிர்திட்ஸி. பன்மை எழுவாய் *ஸிர்திட்ஸா. ஆறாம் வேற்றுமைப் பன்மையை மேலே பார்த்தோம். நான்காவது *ஸிர்திட்ஸெமு, மூன்றாவது *ஸிர்திட்ஸி, ஏழாவது *ஸிர்திட்ஸிஹு.

‘ஊர்’ என்று பொருள்படும் *ஸெலோவை அருகில் வையுங்கள். அது வன்மை வாய்பாடு, அடியின் இறுதி மெய் மென்மையாகாதது. ஒரு முக்கிய வேறுபாடு: *ஸெலோவில் ஒகரம் இருக்கும் இடத்தில் இங்கே எகரம், அங்கே ‘ஊரில்’ என்பதற்கு ஏகாரம் போன்ற ஒலி வந்தால் இங்கே இகரம். காரணம் ஒன்றே. மெல்லிய ‘ட்ஸ்’ பின்னால் வரும் உயிரை முன்னுக்கு இழுக்கிறது.

இருமையும் உண்டு. ‘இரண்டு இதயங்கள்’ *ஸிர்திட்ஸி. ஸ்லோவேனியர் இன்றும் ‘த்வே ஸ்ர்ட்ஸி’ என்கிறார்கள்.

அழுத்தம் இடம் மாறும் வகை: ரஷ்யத்தில் ஒருமை முதல் அசையில், பன்மை கடைசி அசையில். லித்துவேனிய ஷிர்திஸிலும் அழுத்தம் நகர்கிறது. எழுவாயில் கடைசியில், இரண்டாம் வேற்றுமையில் முதலில்.

விகுதி இல்லாத வடிவம் கூட்டுச்சொற்களில் நிறைய இருக்கிறது. இரக்கத்துக்கு ரஷ்யத்தில் மிலொஸெர்தியெ, போலந்தில் மிவொஷெர்ஜெ. லத்தீன் மிஸெரிகோர்ஸ் போன்ற சொற்களைப் பார்த்துச் செய்தது. ‘கோர்’ இருந்த இடத்தில் *ஸிர்த்- நிற்கிறது. கோபித்துக்கொள்வதற்கு ரஷ்யத்தில் ஸெர்தீத்ஸ்யா. ஊக்கத்தோடு உழைப்பதற்கு உஸேர்தியெ. இவை எதிலும் விகுதி இல்லை. தனிச்சொல்லாக நிற்க மட்டும்தான் அது தேவைப்பட்டது என்ற ஊற்றுக்கண்ணின் வாதத்துக்கு இது பலம்.

கீற்று:
உஸேர்தியெ என்றதும் எனக்குச் சிரத்தை நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே பொருளுக்கு அருகில் இருக்கின்றன. தொடர்பு உண்டா?

ஊற்றுக்கண்:
வேரில் உண்டு. சிரத்தை என்பது சமஸ்கிருத ஷ்ரத்தா; ‘இதயத்தை வைத்தல்’ என்ற பழைய தொடர். லத்தீன் க்ரேதோ, ‘நம்புகிறேன்’, அதன் நேர் உறவு. இதில் வேடிக்கை என்னவென்றால் ஹ்ருதயத்தின் ஹகரம் விதிப்படி வர வேண்டியதில்லை. வர வேண்டியது சகரம். அந்த ஒழுங்கான சகரம் ஷ்ரத்தாவில்தான் தங்கியிருக்கிறது. ரஷ்யர் ‘உஸேர்தியெ’ என்பதும் நாம் ‘சிரத்தையாகச் செய்தான்’ என்பதும் தனித்தனியாக உருவான சொற்கள், ஆனால் உள்ளே இருக்கும் இதயம் ஒன்று.

பாலைவழி:
கூட்டுச்சொல் சாட்சியை மதிக்கிறேன். இருந்தாலும் தந்தை விஷயத்தில் நான் பின்வாங்கவில்லை. *ஒத்திட்ஸியின் அடி குழந்தை வாயில் பிறந்த சொல்: கோதிய அத்தா, ஹிட்டைட் அத்தாஸ். உல்ஃபிலா 4-ஆம் நூற்றாண்டில் கோதியத்தில் பெயர்த்த ஜெபமும் ‘அத்தா உன்ஸர்’ என்றே தொடங்குகிறது. அதற்கு உடம்பு தேவையாக இருந்தது என்பதைவிடச் செல்லம் என்பதே இயல்பு. இதயத்துக்கும் சூரியனுக்கும் உங்கள் விளக்கம், தந்தைக்கு என் விளக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஊற்றுக்கண்:
தந்தையை உங்களுக்கு விட்டுத்தரத் தடையில்லை. ‘தந்தைக்குரிய’ என்பதற்குப் பழைய திருச்சபை ஸ்லாவியத்தில் ‘ஒத்தினி’ என்று விகுதி இல்லாத அடியிலிருந்து வந்த அடைமொழி இருக்கிறது. ஆக வெறும் அடியும் விகுதிச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. அங்கே செல்லத்துக்கு இடம் உண்டு.

நெய்தல்:
கடைசியாக ஒன்று. புதன்கிழமைக்கு ரஷ்யத்தில் ‘ஸ்ரெதா’. இதுவும் இதயத்தோடு சேர்ந்ததா?

வேர்நோக்கி:
ஆமாம். *ஸெர்தா, வேரின் உயிர் மறையாத வடிவம். ‘நடு’ என்று பொருள். வாரத்தின் நடுநாள் என்பதால் புதன். ஜெர்மன் மிட்வொஹ் போல. ஹங்கேரியர் ஸ்லாவியரிடமிருந்து வாங்கி ‘ஸெர்தா’ என்கிறார்கள். லித்துவேனியத்தில் ஷெர்திஸ் என்றால் மரத்தின் உள்தண்டு. பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் பழைய பெயர் ஸெர்திகா, திரேசிய இனமொன்றின் பெயரால் வந்தது. ஸ்லாவியர் அதைத் தங்கள் காதுக்கேற்ப ‘நடு’ என்று கேட்டு ‘ஸ்ரெதெட்ஸ்’ ஆக்கினார்கள். அந்த இறுதி -எட்ஸ் நாம் இவ்வளவு நேரம் பேசிய விகுதியின் ஆண்பால் வடிவம். வலுவான யேர் எகரமாகியிருப்பதையும் அங்கேயே பார்க்கலாம்.